முக்கால் மில்லிமீட்டர்

கச்சான் காற்று எழும்பி
கீழக்கரையில் வள்ளங்கள் கரையேறிய வாரம்
அசன் கனி வந்து நாற்காலியில் சாய்ந்தார்.
மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை.
பதினெட்டு வருடமாய்க்
காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு
கடலடியில் நடந்த வாய்.
மிச்சப் பற்களிலும் ஈறு
வத்தத்துத் தண்ணீர்போல
வேரைக் காட்டிவிட்டு விலகியிருந்தது.

"திருகி வைக்கிற பல்லு இருக்காமே,
அதை வச்சிருங்க."
வெற்றிலைக்கடையில் சாமான் கேட்கும் தோரணை.

படத்தில் எலும்புக்குக் குறைவில்லை.
ஜெட்டிக்குப் போட்ட கல் மாதிரி இருந்தது.
என் கவலையெல்லாம்
அதன்மேல் போர்த்திய துணி.

புரோபை எடுத்தேன்.
நுனியில் கறுப்புக் கோடுகள்,
ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்.
பக்கத்துப் பல்லின் ஈறோரம் மெல்லச் செருகி
கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.
உள்ளே போன கம்பி
வெளியே சாம்பலாய்த் தெரிந்தது,
வெங்காயச் சருகுக்குள் வைத்த ஊசி.

"கனமான ஈறு கம்பியை மறைச்சிரும்.
உங்களுக்கு முக்கால் மில்லிமீட்டர்கூட வராது.
இதுக்குக் கீழே உலோகத்தைத் திருகினா
சிரிக்கும்போதெல்லாம் ஈயநீலம் தெரியும்.
இல்லேன்னா ஈறு இன்னும் பின்வாங்கி
திருகோட கழுத்தே வெளியே நிக்கும்."

சிரித்தார். பல்லில்லா இடத்தில் காற்று விசிலடித்தது.
"பத்துப் பாகம் எறங்கிட்டு வாறவன் நான்.
அரிசி மூக்களவுக்கு மலைக்கிறீங்களே டாக்டரம்மா."

பாகம் என்றால் விரித்த இரண்டு கை.
இந்தக் கம்பிக்கு அவ்வளவு அகலம் கிடையாது.
பதில் தோன்றாமல்
கையுறையைச் சரிசெய்தேன்.

அவர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.
வெகுநேரம்.
"சங்கு மண்ணுக்குள்ளதான் கெடக்கும்.
மெல்லிசா மூடியிருந்தா
மேல ஒரு வரி தெரியும், எடுத்துருவோம்.
கனமா மூடுனது தப்பிச்சிரும்.
அதானே?"

அதேதான்.
நோயாளிகளுக்குக் காட்ட வரைந்திருந்த படத்தை
மேசைக்குள் தள்ளினேன்.

அண்ணத்திலிருந்து ஒரு கீற்று,
பாதித் தபால்தலை அளவு.
ஈறைப் பையாய்ப் பிரித்து உள்ளே நுழைத்து
மயிரிழை நூலில் தைத்தேன்.
நடுவில் கரண்ட் போனது.
ரிஸ்வானா ஃபோன் விளக்கைப் பிடித்தாள்.
அப்போதுதான் கவனித்தேன், நெஞ்சு அசையவேயில்லை.
"காக்கா, மூச்சு விடுங்க" என்றேன்.
விட்டார்,
விட மறந்திருந்தவர்போல.

மூன்று மாதம் குழாய் கடிக்கக் கூடாது.
"காத்து நிக்க அவ்வளவு நாள் ஆகும்" என்றார்
வாயில் பஞ்சோடு.

அன்று இரவு ஷட்டரை இறக்குமுன்
வேறொரு புரோபை என் ஈறில் செருகிப் பார்த்தேன்.
கோடுகளை எண்ணவே முடிந்தது.
வாப்பாவின் வாய்தான் எனக்கும்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

வாடை தொடங்கியதும் வந்தார்.
செருகினேன். நிழல் இல்லை.
கம்பி எங்கே போனதென்று
நானே ஒருகணம் தேடினேன்.
ஒட்டிய இடம் மட்டும் சற்று வெளுத்திருந்தது.
"நிறம் கொஞ்சம் சேரலை" என்று இழுத்தேன்.
"வலையைப் பொத்துறப்ப
நூலு நெறமா பாப்பாக?"

"அப்ப அடுத்த வாரம் திருகை வச்சிரலாம்."

"அடுத்த வாரம் தொழிலுக்குப் போறோம்.
மத்ததைக் கச்சானுக்குப் பாத்துக்கலாம்."

கனத்த ஈறும் காலி இடமுமாய்ப்
படியிறங்கியவர்
தெருவிலிருந்து திரும்பிச் சொன்னார்:
"பயப்படாதீக, கொழாயை
இந்தப் பக்கம் கடிச்சுக்கிறேன்."

எந்தப் பக்கமென்று கேட்பதற்குள்
மீன் வண்டி ஒன்று
ஹாரனடித்துக்கொண்டு குறுக்கே போனது.